தொலைத்ததைச் சொல்ல வெட்கப்படாதீர்கள்

"சார், போன செவ்வாய்க்கிழமை பர்ஸும் போனும் தொலைஞ்சு போச்சு. இப்ப என்ன பண்றது?"

கொல்கத்தாவில் துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களில், வருஷம் தவறாமல் யாராவது ஒரு தமிழர் இப்படி என்னிடம் வந்து நிற்பார். அவர் வந்து கேட்கிற நாள் வெள்ளிக்கிழமையாக இருக்கும். நடுவில் மூன்று நாள் என்ன செய்தீர்கள் என்றால் தலையைச் சொறிவார். வீட்டில் திட்டுவார்கள் என்று சொல்லவில்லையாம். யாராவது கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள் என்று காத்திருந்தாராம். அதற்குள் வங்கிக் கணக்கில் கை வைத்திருப்பார்கள். பொருளைத் தொலைத்ததில் போவதைவிட, வெட்கப்பட்டுச் சும்மா இருந்ததில் போவதுதான் அதிகம்.

பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கே ஒரு தடவை இது நடந்தது. கரியாஹாட்டில் பூஜைக்குத் துணி எடுத்துவிட்டு, ராஷ்பிஹாரி போகும் ஷேர் ஆட்டோவில் ஏறி லேக் மார்க்கெட்டில் இறங்கினேன். சட்டைப் பையில் இருந்த சில்லறையை ஆட்டோவுக்குக் கொடுத்தாயிற்று. வாழை இலைக்காரரிடம் இலையை வாங்கிக்கொண்டு பர்ஸை எடுக்கப் போனபோதுதான், துணிப்பை ஆட்டோவிலேயே போய்விட்டது உறைத்தது. பர்ஸ், போன், புடவை எல்லாம் அதில்தான். எந்த நம்பரும் மனப்பாடமில்லை, வீட்டுக்காரியின் நம்பரைத் தவிர. இலைக்காரர் தன் போனைக் கொடுத்தார். "தொலைச்சுட்டேன்" என்று சொல்லி வாயை மூடுமுன் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டேன். அது அரை நிமிஷம். அதோடு வெட்கம் தீர்ந்தது, வேலை தொடங்கியது.

முதல் வேலை சிம்மை முடக்குவது. போனைவிட சிம்தான் அவசரம். ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தானே வருகிறது? எந்தப் போனிலிருந்தும் உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டு முடக்கச் சொல்லலாம். இரண்டாவது வங்கி. கார்டு, நெட் பேங்கிங், யு.பி.ஐ. மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். காசோலைப் புத்தகமும் போயிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வங்கியின் நம்பர் கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும். அந்தக் கார்டுதான் தொலைந்துபோயிருக்கும்! பாஸ்புக்கில் பாருங்கள். கூகுளில் தேடி எடுக்காதீர்கள். மறுபடி சொல்கிறேன், கூகுளில் தேடி எடுக்காதீர்கள். மோசடிக்காரர்கள் வங்கியின் பெயரில் போலி நம்பர்களைப் போட்டுவைத்துக் காத்திருக்கிறார்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

புகார் சொன்ன நேரத்தையும் வங்கி தரும் புகார் எண்ணையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதியின்படி, உங்கள் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் நடந்த மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. கவனக்குறைவு உங்களுடையதாகவே இருந்தாலும், நீங்கள் புகார் சொன்ன நிமிஷத்துக்குப் பிறகு போகிற பணம் வங்கியின் தலையில்தான். செவ்வாய்க்கிழமை தொலைத்துவிட்டு வெள்ளிக்கிழமை வருகிறவர் எதை இழக்கிறார் என்று புரிகிறதா? வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் இணையத்தில் செலவில்லாமல் புகார் செய்யலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். இந்த ஊர் ஷேர் ஆட்டோக்கள் ஒரே தடத்தில்தான் ஓடும். இரு முனையிலும் ஸ்டாண்டில் யூனியன்காரர்கள் இருப்பார்கள். அவர்களிடம் சொன்னால் அடுத்தடுத்து வருகிற வண்டிகளிடம் விசாரிப்பார்கள். மெட்ரோவில் விட்டிருந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போங்கள். மஞ்சள் டாக்சி என்றால் வண்டி நம்பர் தெரிந்தால் உண்டு, யார்தான் பார்க்கிறோம்?

பிறகு காவல் நிலையம். இந்த ஊரில் 'தானா' என்பார்கள். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஒரு வெள்ளைத் தாளில் 'ஆபீசர் இன் சார்ஜ்' என்று விளித்து ஆங்கிலத்திலோ வங்காளத்திலோ எழுதுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எங்கே ஏறி எங்கே இறங்கினீர்கள், தொலைந்தவை என்னென்ன, போனின் மாடல், அதன் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் எல்லாம் இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்று அவர்களுக்கு. மற்றதில் ஜி.டி. (ஜெனரல் டைரி) எண், தேதி, முத்திரை, கையெழுத்து நான்கும் வாங்குங்கள். ஜி.டி. எண் இல்லாத முத்திரைக்கு மதிப்பில்லை. "எண் நாளைக்குத் தருகிறோம்" என்றால் பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது.

நான் போன இடத்தில் டியூட்டி அதிகாரி தாளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஹாரியே கேச்சே, நா சுரி?" என்றார். தொலைந்ததா, திருட்டா? கௌரவம் கருதி ஒரு கணம் 'சுரி' என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆட்டோவில் மறந்து வைத்துவிட்டு வந்தவன் அப்படிச் சொன்னால் பொய்ப் புகார். பாரதிய நியாய சம்ஹிதையின் 217-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. "ஹாரியே கேச்சே" என்றேன். இன்ஷூரன்ஸ் ஆசையில் 'திருட்டு' என்று எழுதச் சொல்லிக் கொடுக்கும் நண்பர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

இதற்கு நேர் எதிரான அநியாயம் இதைவிட அதிகம். கூட்டத்தில் உங்கள் பையைக் கிழித்து எடுத்திருப்பார்கள். நிலையத்தில் உள்ளவர்கள் வழக்கு எண்ணிக்கை ஏறாமல் இருக்க, "தொலைந்தது என்றே எழுதிக் கொடுங்கள், சீக்கிரம் முடியும்" என்பார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். திருட்டு என்றால் ஜி.டி. போதாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால் புதிய சட்டப்படி போலீஸ் நேராக வழக்குப் பதியாது. ஆகவே போனின் விலையை எழுதி, பில் இருந்தால் இணையுங்கள். கையிலிருந்து பறித்துப் போனால் அது தனிக் குற்றம், நியாய சம்ஹிதையின் 304-ஆம் பிரிவு. "எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்றும் தட்டிக்கழிக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் பதியச் சொல்கிறது. நகலையும் இலவசமாகத் தரச் சொல்கிறது. மறுத்தால் அந்த வட்டாரக் காவல் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். வங்காளத்தில் எழுதியதை வாசிக்கத் தெரியாவிட்டால், வாசித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஜி.டி. பிரதி கைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. மழை விட்ட வானம். வழியில் ஒரு வீட்டு மதில் ஓரம் ஷியூலிப் பூ, நம் பவழமல்லிதான், உதிர்ந்து கிடந்தது. அடையாள நகலோடு போய் மாற்று சிம் வாங்கினேன். மாற்று சிம்மில் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது, மோசடியைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை. ஆகவே ஓ.டி.பி. வேண்டியதை எல்லாம் மறுநாளைக்குத் தள்ளிவிட்டு, வங்கிக் கிளையில் புதுக் கார்டுக்கு எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்து இலைக்காரரின் கடனைத் தீர்த்தேன். ஒரு காபி குடித்தேன். அப்புறம் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கையில் போன் இல்லாமல் அந்த ஏரியை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுநாள் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சி.இ.ஐ.ஆர். பக்கத்தில் போனை முடக்கினேன். 2023 மே முதல் நாடு முழுவதற்கும் இருக்கிற வசதி இது. போலீஸ் புகார் நகல், ஐ.எம்.இ.ஐ., அடையாளச் சான்று கேட்கும். போன் வாங்கிய பில்லும் இருந்தால் நல்லது. முடக்கிய போனில் எந்த சிம்மைப் போட்டாலும் வேலை செய்யாது. "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்க்கை அழுத்துங்கள்" என்று பிறகு செய்தி வந்தால், அது உங்கள் பாஸ்வேர்டைப் பிடுங்கப் போட்ட தூண்டில். அழுத்தாதீர்கள்.

மற்ற அட்டைகளுக்கு அலைய வேண்டாம். ஆதாரை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8. பான் அட்டைக்கு மறுபிரதி மட்டும் கேளுங்கள். புது எண்ணுக்கு விண்ணப்பித்து இரண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம். ஓட்டுநர் உரிமம் டிஜிலாக்கரில் இருந்தால் அதுவே அசலுக்குச் சமம். இந்த ஊரில் எடுத்த உரிமம் என்றால் பரிவாகன் தளத்தில் டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, கூப்பிட்டால் பெல்தலா மோட்டார் வாகன அலுவலகத்துக்குப் போங்கள். சஷ்டியிலிருந்து லட்சுமி பூஜை வரை மாநில அரசு அலுவலகங்கள் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். காவல் நிலையத்துக்கு மட்டும் பூஜை விடுமுறை இல்லை. 'பூஜை முடியட்டும்' என்று அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

என் பை இன்றுவரை வரவில்லை. உள்ளே இருந்த எதையும் வைத்து யாரும் ஒரு ரூபாய்கூட எடுக்கவும் இல்லை, புடவையைத் தவிர. அதற்கு மட்டும் வீட்டில் இன்னும் கணக்குத் தீரவில்லை.

இதைப் படித்து முடித்த கையோடு உங்கள் போனில் *#06# அழுத்துங்கள். வருகிற 15 இலக்கத்தையும், பாஸ்புக்கில் உள்ள வங்கி நம்பரையும் சமையலறை தினசரிக் காலண்டரின் அட்டைக்குப் பின்னால் பேனாவால் எழுதிவையுங்கள். போனுக்குள் சேமித்து வைக்காதீர்கள்.