எதிர்பாராத வட்டி மாற்றத்தை அளக்கும் முறை

மைய வங்கி வட்டி விகிதத்தை உயர்த்திய பின் வேலைவாய்ப்போ விலைவாசியோ மாறினால், அதற்கு அந்த உயர்வே காரணம் என்று உடனே முடிவுகட்ட இயலாது. ஏனெனில் விலைவாசி ஏறத் தொடங்கும்போதுதான் வட்டி உயர்த்தப்படுகிறது, மந்தநிலை நெருங்கும்போதுதான் குறைக்கப்படுகிறது. மேலும், வரப்போவதை முன்கூட்டியே ஊகித்துவிடும் சந்தைகள் அதற்கேற்பப் பங்குகளின் விலையையும் கடன் பத்திரங்களின் விலையையும் மாற்றிக்கொண்டிருப்பதால், அறிவிப்பு நாளில் புதிதாக நிகழ்வது எவரும் எதிர்பாராத பகுதியின் விளைவு மட்டுமே. வட்டியின் தனி விளைவை அறிய வேண்டுமானால், அந்தப் பகுதியைப் பிரித்தெடுக்க வேண்டும்.

அதற்கு எளிய வழியொன்றை 2001-இல் பொருளியலாளர் கென்னத் கட்னர் முன்வைத்தார். அமெரிக்க வங்கிகள் தமக்குள் ஓரிரவுக்குக் கொடுத்து வாங்கும் கடனின் வட்டி வருங்காலத்தில் எவ்வளவாக இருக்கும் என்பதன் மீது சிகாகோவில் 1988 முதல் முன்பேர ஒப்பந்தங்கள் வணிகமாகின்றன. அவற்றின் விலையிலிருந்து சந்தையின் எதிர்பார்ப்பைக் கணக்கிடலாம். 0.25 சதவீதப் புள்ளி உயர்வு எதிர்பார்க்கப்பட்டிருக்க, அந்நாட்டு மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 0.50 உயர்த்தினால், எதிர்பாராத பகுதி 0.25 ஆகும்.

அதே நாளில் வெளியாகும் வேறு செய்திகள் இந்தக் கணக்கில் கலந்துவிடாதிருக்க, அறிவிப்புக்கு 10 நிமிடம் முன்பிருந்து 20 நிமிடம் பின்புவரையிலான விலை மாற்றத்தை மட்டுமே ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கின்றனர். எதிர்பாராத மாற்றம் பங்கு விலைகளை எவ்வளவு அசைக்கிறது என்பதே அடுத்த கேள்வி. வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல் 2001 ஜனவரி 3 அன்று ஃபெடரல் ரிசர்வ் வட்டியை 6.5-இலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தபோது, நாஸ்டாக் பங்குக் குறியீடு ஒரே நாளில் 14 சதவீதம் ஏறியது. ஆனால் இத்தகைய ஒரு நாளைக் கொண்டு பொது அளவை வகுக்க முடியாது. பல அறிவிப்புகளைச் சேர்த்து ஆராய்ந்த பென் பெர்னான்கியும் கட்னரும், எதிர்பாராத 0.25 புள்ளிக் குறைப்பு பங்கு விலைகளைச் சராசரியாகச் சுமார் 1 சதவீதம் உயர்த்துவதாக 2005-இல் காட்டினர்.

இம்முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. எதிர்பாராத வட்டி உயர்வுக்குப் பின் பொருளாதார வளர்ச்சி குறித்த கணிப்புகள் தாழ்வதற்குப் பதிலாக உயர்வதை எமி நகமுராவும் யோன் ஸ்டெய்ன்சனும் 2018-இல் சுட்டிக்காட்டி, மைய வங்கி பொருளாதாரத்தை வலுவாகக் கருதுகிறது என்ற செய்தியையும் அந்த உயர்விலிருந்தே மக்கள் பெறுவதாக விளக்கினர். எனவே எதிர்பாராத பகுதியைப் பிரித்தெடுத்தபின், அதனுள்ளும் வட்டியின் விளைவு எது, செய்தியின் விளைவு எது என்று மீண்டும் பிரித்துப் பார்த்தாலன்றி அளவீடு முழுமை பெறாது.