கரைந்துபோகும் ஸ்டென்ட் காலைக் காப்பாற்றுமா?

“கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் இழுத்துப் புடிக்குதுங்க, நின்னா சரியாப் போயிடுது.” சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் நாளெல்லாம் நிற்பவர்கள் இதை வேலைக் களைப்பென்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டு அடுத்த ஷிப்டுக்குப் போய்விடுகிறார்கள். சர்க்கரை நோயோ பீடிப் பழக்கமோ உள்ளவர் அப்படி விடக் கூடாது. கால் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது ஐ.சி.எம்.ஆர். ஆய்வு (2023).

சர்க்கரை நோய் குறிவைப்பது முழங்காலுக்குக் கீழே ஓடும் மெல்லிய குழாய்களை. அடைப்பு முற்றினால் படுத்திருந்தாலும் வலிக்கும், விரல் புண் ஆறாது, கறுத்துவிடும். பலூன் விட்டு விரித்தாலும் சில மாதங்களில் பலருக்கு மறுபடி சுருங்கிவிடுகிறது. குழாயைத் தாங்கிப் பிடிக்கும் உலோக வலைக்குழலான ஸ்டென்ட் வைத்தால் அது ஆயுளுக்கும் உள்ளேயே கிடக்கும்.

இதற்கு விடையாக வந்ததுதான் அபாட் நிறுவனத்தின் ‘எஸ்ப்ரிட் பி.டி.கே.’ பாலிலாக்டைடு என்ற பிளாஸ்டிக்கால் ஆன வலைக்குழல் இது. கான்கிரீட் இறுகும்வரை சென்ட்ரிங் தாங்குவதைப் போலக் குழாயைத் தாங்கி, எவரோலிமஸ் மருந்தைக் கசியவிட்டு, சுமார் 3 ஆண்டுகளில் கரைந்துவிடும். இதே வகையில் இதயத்துக்கு வந்த ‘அப்சார்ப்’, உள்ளே ரத்தம் உறையும் ஆபத்து கூடுவது தெரிந்தபின் 2017-ல் விற்பனையிலிருந்து போனது. அதன் கம்பிகள் தடிமனானவை. எஸ்ப்ரிட்டில் 99 மைக்ரான்தான்.

படுத்தாலும் வலிக்கிற, புண் ஆறாத 261 பேரிடம் நடந்த ஆய்வில், எஸ்ப்ரிட் வைத்தவர்களில் ஓராண்டில் குழாய் அடையாமலும் மறுபடி சுருங்காமலும் காலை இழக்காமலும் இருந்தவர்கள் 74 சதவீதம். பலூன் மட்டும் செய்தவர்களில் 44. இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு குழாய் மறுபடி சுருங்காததால் வந்தது என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்க அனுமதி 2024 ஏப்ரலில் கிடைத்தது.

விலைதான் என் கவலை. 2017-ல் மத்திய அரசு ரூ.29,600 என்று உச்சவரம்பு விதித்தது மருந்து கசியும் இதய ஸ்டென்டுகளுக்கு மட்டுமே. கால் ஸ்டென்டுக்கும் அப்படியொரு வரம்பு வந்தால்தான் தறிக்காரர் வீட்டுக்கு இது எட்டும்.

அதுவரை அதிகச் செலவில்லாத சோதனை இருக்கிறது. டாக்டர் பாதத்தின் மேல்புறம் விரல் வைத்து நாடி பார்ப்பார். பிறகு பி.பி. பட்டையைக் கையிலும் கணுக்காலிலும் கட்டி, டாப்ளர் கருவியில் ரத்தம் ஓடும் ஓசையைக் கேட்டு அளப்பார். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு என்று பொருள். நாள்பட்ட சர்க்கரை நோயாளிக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இந்த அளவு சரியாக இருப்பதுபோல் காட்டிவிடலாம். அவர்கள் கால் விரல் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.