கொதிக்கும் இயந்திரமும் தீவகத்துத் தண்ணீரும்

காய்ச்சலென்று வந்த நோயாளியிடம் நல்ல வைத்தியர் உடனே மருந்தை நீட்டிவிடுவதில்லை. என்று தொடங்கியது, காலையில் மிகுகிறதா மாலையில் மிகுகிறதா, தாகம் உண்டா, பசி உண்டா என்று ஒவ்வொன்றாக வினவுகிறார். விடைகளைக் கொண்டே நோயின் இருப்பிடத்தை அறிகிறார். மோட்டார் வண்டியின் இயந்திரத்துக்கு வரும் காய்ச்சலும் இத்தகையதே. இயந்திரம் கொதிக்கிறது என்பது நோயன்று, நோயின் குறி. குறியை மாத்திரம் கண்டு றேடியேற்றரில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஓடுவது, காய்ச்சல்காரனுக்கு ஈரத் துணியைப் போட்டுவிட்டு நோயை மறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

புங்குடுதீவில் வாழ்வோருக்கு இது வெறும் பொழுதுபோக்கு விஷயமன்று. தீவிலிருந்து பட்டணம் செல்லவேண்டுமாயின், வாணர் தாம்போதியைக் கடந்து வேலணைக்கு ஏறி, அங்கிருந்து பண்ணைப் பாலத்தின் வழியே யாழ்ப்பாணத்தை அடையவேண்டும். தாம்போதியின் இரு மருங்கும் கடல். நிழலுக்கு ஒரு மரமில்லை. உதவிக்கு ஒரு கராஜ் இல்லை. பிரசவ வேதனைப்படும் பெண்ணையோ, மாரடைப்புக் கண்ட முதியவரையோ ஏற்றிக்கொண்டு செல்லும் பழைய டீசல் ஜீப், அந்த நடுவழியில் ஆவி கக்கி நின்றால் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே, வண்டி வைத்திருக்கும் குடும்பத்தாரும், இயந்திர நூல் பயிலும் மாணவரும் இதனைச் சற்று ஆழ்ந்து அறிந்திருத்தல் நன்று.

உஷ்ணம் வந்த வழி

ருடோல்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பேர்க் நகரில் தமது இயந்திரத்தை வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். அதில் எண்ணெயைக் கொளுத்தத் தீப்பொறி வேண்டியதில்லை. காற்றை மிகக் கடுமையாக நெருக்கினால் அது தானே பழுக்கச் சூடேறும். அச் சூட்டில் தெளித்த எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். 1948-இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் முதன்முதல் உலகுக்குக் காட்டப்பெற்ற லாண்ட் றோவர் வண்டிக்கு 1957-இல் டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டது. 1961-இல் வந்த இரண்டேகால் லீற்றர் டீசல் இயந்திரம், 23 பங்கு காற்றை ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கியது. இத்துணை அழுத்தத்தைத் தாங்குவதாற்றான், சிலிண்டர் தலைக்கும் அடிக்கட்டைக்கும் இடையே இருக்கும் காஸ்கற் என்னும் மெல்லிய தகடு டீசல் வண்டிகளில் பெரும் சோதனைக்குள்ளாகிறது.

எரியும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. ஏறக்குறைய இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. எஞ்சியதிற் பெரும்பகுதியைத் தண்ணீரே சுமந்து சென்று, றேடியேற்றரில் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். 1886-இல் காப்புரிமை பெற்ற பென்ஸின் முச்சக்கர வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். வழியெல்லாம் தண்ணீர் விடவேண்டும். வில்ஹெல்ம் மைபாக் அமைத்த தேன்கூட்டு றேடியேற்றர் 1901-இல் மெர்சிடிஸ் வண்டியில் வந்த பின்னரே, அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு ஆற்றும் முறை செவ்வனே அமைந்தது.

ஆக, இயந்திரம் கொதிப்பதற்குக் காரணங்கள் எத்தனை கூறினும் அவை நான்கு வகைக்குள் அடங்கும்: தண்ணீர் குறைந்துவிட்டது, தண்ணீர் சுற்றவில்லை, காற்று போதவில்லை, வெப்பம் அளவுக்கு மிஞ்சிப் பிறக்கிறது.

எப்போது கொதிக்கிறது?

இக் கேள்வியே பாதி வைத்தியம். மெதுவாகச் செல்லும்போதும் நிற்கும்போதும் சூடேறி, வேகமாக ஓடும்போது ஆறுகிறதாயின், குற்றம் காற்றில் இருக்கிறது. விசிறி பெல்ற் தளர்ந்திருக்கலாம். ஹைலக்ஸ், பஜேரோ போன்ற வண்டிகளில் விசிறியின் நடுவே இருக்கும் பசை நிறைந்த கிளச்சு வலுவிழந்திருக்கலாம். றேடியேற்றரின் செதில்கள் புழுதியாலும் பூச்சிகளாலும் அடைபட்டிருக்கலாம். கடற்காற்று வீசும் தீவகத்தில் அச் செதில்கள் உப்பால் அரிக்கப்பட்டு, விரல் பட்டதும் உதிரும் நிலையை அடைவதுமுண்டு.

இதற்கு மாறாக, ஊருக்குள் சாதுவாக இருந்து, பாரம் ஏற்றி வேகமாக ஓடும்போது மாத்திரம் கொதிக்கிறதாயின், குற்றம் பெரும்பாலும் தண்ணீரின் ஓட்டத்தில் உள்ளது. றேடியேற்றரின் உட்குழாய்கள் சுண்ணாம்பால் அடைபட்டிருக்கலாம். கீழ் றப்பர்க் குழாய் பழுதாகி, பம்பின் இழுப்பால் சப்பையாகிவிடலாம். வண்டி நின்றதும் அக் குழாய் பழையபடி உருண்டு விடுவதால் பலர் இதனைக் காண்பதில்லை. ஒருவர் இயந்திரத்தை முடுக்க, மற்றொருவர் விசிறிக்கு எட்ட நின்று குழாயைக் கவனித்தால் உண்மை வெளிப்படும்.

குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்பிய சில நிமிடங்களுக்குள்ளேயே மேற்குழாய் கல்லைப் போல் இறுகினால், சிலிண்டரின் அழுத்தம் தண்ணீர்ப் பாதையினுள் புகுகிறது என்பதே பொருள். றேடியேற்றர் வாயில் ஓயாது குமிழிகள் எழுதல், வெள்ளைப் புகை, காரணமின்றித் தண்ணீர் குறைதல், எண்ணெய் பாற்கோப்பி நிறமடைதல் ஆகியன இதன் துணைக் குறிகள். இவை கண்டால் காஸ்கற் போயிற்று, அன்றேல் தலை வெடித்தது என்று ஐயுற்று, வண்டியை ஓட்டாது நிறுத்துவதே அறிவுடைமை.

இன்னுமொரு கேள்வி நம் ஊருக்கே உரியது: எத்திசையில் செல்லும்போது கொதிக்கிறது? சோளகம் வீசும் மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. புங்குடுதீவை நோக்கி வரும் வண்டிக்கு அது எதிர்க்காற்று. பட்டணம் நோக்கிச் செல்லும் வண்டிக்கோ பின்காற்று. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டியின் பின்னே 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், றேடியேற்றரின் முகத்திற் படுவது வெறும் 10 கிலோமீற்றர்க் காற்றே. வரும்போது கொதிக்காத வண்டி போகும்போது கொதிக்கிறதாயின், தெய்வக் குற்றம் என்று எண்ண வேண்டாம். விசிறி தன் கடமையைச் செய்யவில்லை என்று அறிக.

கண்ணும் கையும் போதும்

விலையுயர்ந்த கருவிகளின்றியே பல சோதனைகளைச் செய்யலாம். குளிர்ந்த காலை வேளையில் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்தல் முதலாவது. இயந்திரம் நின்றிருக்கும்போது விசிறி பெல்ற்றின் நீண்ட பகுதியைப் பெருவிரலால் அழுத்தினால், ஏறத்தாழ அரை அங்குலம் அமிழலாம். அதற்குமேல் அமிழ்ந்தால் தளர்ச்சி. தண்ணீர்ப் பம்பின் அடியிலுள்ள சிறு துவாரத்தில் ஈரமோ துருக்கோடோ கண்டால் பம்பின் காலம் முடிகிறது.

இயந்திரம் சூடேறிய பின்னர் அதனை நிறுத்தி, றேடியேற்றரின் முகத்தருகே புறங்கையை மெல்லக் கொண்டுசெல்க. மேலிருந்து கீழாக வெப்பம் படிப்படியாகக் குறையவேண்டும். நடுவே திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருப்பின் அவ்விடத்துக் குழாய்கள் அடைபட்டுள்ளன.

மூடியையும் அலட்சியம் செய்யலாகாது. சதுர அங்குலத்துக்கு 9 இறாத்தல் அழுத்தத்தைத் தாங்கும் மூடி, தண்ணீரின் கொதிநிலையை 100 பாகையிலிருந்து ஏறத்தாழ 114 பாகைக்கு உயர்த்துகிறது. அதன் றப்பர் வளையம் வெடித்திருந்தால் இந்த 14 பாகைப் பாதுகாப்பும் போய்விடும். சிறு தொகையில் வாங்கும் மூடி பெரிய இயந்திரத்தைக் காக்கும்.

காட்டும் முள்ளும் சில வேளை பொய் சொல்லும். பழைய லாண்ட் றோவர்கள் பலவற்றில் வெப்பமானியும் எண்ணெய்மானியும் ஒரே மின்சீராக்கியிலிருந்து சக்தி பெறுகின்றன. இரண்டும் ஒருங்கே மிகையாகக் காட்டினால், நோய் இயந்திரத்தில் அன்று, சீராக்கியில். இதனினும் அபாயமானது வேறொன்று: தண்ணீர் முற்றாக வெளியேறிவிட்டால், வெப்பத்தை அறியும் உறுப்பு தண்ணீரைத் தொடாது வெற்றிடத்தில் நிற்கும், அப்போது முள் திடீரெனக் கீழே இறங்கக்கூடும். ஏறிய முள் காரணமின்றி விழுந்ததைக் கண்டு மகிழாது, உடனே நிறுத்துக.

நாலாவது வகையான மிகை வெப்பத்துக்குக் காரணங்கள் வேறு. எண்ணெய் தெளிக்கும் நேரம் பிந்துதல், காற்று வடிகட்டி அடைபட்டுக் கரும்புகை எழுதல், பிறேக் பிடித்தபடியே இருத்தல் என்பன அவை. மணலுக்காக நாற்சக்கர இயக்கத்தைப் போட்டவர் தார் வீதிக்கு ஏறிய பின்னும் அதனை எடுக்க மறந்து ஓடினால், பழைய வண்டிகளில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். இயந்திரம் வீண் பாரம் சுமக்கும்.

தெர்மோஸ்ரற்றைக் கழற்றலாமா?

நமது வெப்ப நாட்டுக்கு இது வேண்டியதில்லை என்று கூறிக் கழற்றி எறிவோர் பலர். தெர்மோஸ்ரற் என்பது இயந்திரம் தக்க சூட்டை அடையும்வரை தண்ணீரைத் தடுத்து, ஏறத்தாழ 80 பாகையில் வழிவிடும் வாயிற்காப்போன். அதனை நீக்கினால் டீசல் இயந்திரம் குளிர்ந்தே ஓடி, எண்ணெய் செவ்வையாக எரியாது, தேய்வு மிகும். அன்றியும், சில இயந்திரங்களில் அதுவே திறக்கும்போது குறுக்குப் பாதையை அடைக்கிறது. அத்தகையவற்றில் அதனைக் கழற்றினால், தண்ணீரின் ஒரு பகுதி றேடியேற்றருக்குப் போகாமலே சுற்றும். கொதிப்புக் குறைவதற்குப் பதில் கூடும். ஐயமிருந்தால் அதனை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் இட்டு அடுப்பில் வைத்துப் பார்க்கலாம். தண்ணீர் கொதிக்குமுன் அது வாய் திறக்கவேண்டும், திறக்காவிடில் மாற்றுக.

தண்ணீரே பகையாகும்போது

நம் குடும்பப் பெண்கள் நன்கறிந்த ஒன்று உண்டு: கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்திலின் உள்ளே வெண்ணிறப் படை பிடிக்கும். யாழ்ப்பாணக் குடாநாடும் தீவகமும் சுண்ணக்கற் பாறையின்மீது அமைந்தவை. மழைநீர் அப் பாறையைக் கரைத்துக்கொண்டே நிலத்தடிக்குச் செல்கிறது; சூடேறியதும் கரைந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. கேத்திலில் நிகழ்வதே சிலிண்டரைச் சுற்றிய நீர்ப்பாதையிலும் நிகழ்கிறது. அப் படை இரும்பைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைத் தடுக்கவல்லது. ஆதலால், றேடியேற்றர் நிறையத் தண்ணீர் இருந்தும் இரும்பு உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

புங்குடுதீவின் கிணறுகள் பலவற்றில் நீர் உவர் என்பதை யாவரும் அறிவர். உப்பு நீர் செம்பு, இரும்பு, அலுமினியம் மூன்றும் கலந்த அமைப்பில் புகுந்தால், மின்கலத்தில் நிகழ்வது போன்ற அரிப்பு நிகழ்ந்து மெல்லிய உலோகம் ஓட்டையாகும். எனவே றேடியேற்றருக்கு வடித்த நீரோ, மாரி காலத்தில் தூய ஓட்டுக் கூரையிலிருந்து சேகரித்து வடிகட்டிய மழைநீரோதான் உகந்தது. துருவைத் தடுக்கும் கூலன்ற் மருந்தை உரிய அளவிற் கலப்பது இன்னும் சிறந்தது. ஏற்கெனவே படிந்த சுண்ணாம்பை எலுமிச்சை அமிலக் கரைசலால் தக்கவர் மேற்பார்வையிற் கழுவி அகற்றலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கூலன்றில் உள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. குழந்தைகளும் நாய்களும் ஆடுமாடுகளும் நக்கிவிடக்கூடும். வடித்த கூலன்றை வளவில் ஊற்றுதல் கூடாது. தீவின் நன்னீர், கனத்த கடல்நீரின்மீது மெல்லிய வில்லையாக மிதந்துகொண்டிருப்பது. துவாரம் நிறைந்த சுண்ணக்கல் வழியே நஞ்சு விரைவில் அதனைச் சென்றடையும். வண்டியைக் காக்கப்போய்க் கிணற்றைக் கெடுத்தவராகலாமா? பழைய கூலன்றை மூடிய கலனிற் சேர்த்து, பொறுப்புடன் கையாளும் கராஜிடம் ஒப்படைப்பதே முறை.

வழியிற் கொதித்தால்

முள் ஏறுகிறது, ஆனால் தண்ணீர் வெளியேறவில்லை எனின், வேகத்தைக் குறைத்து, குளிரூட்டியை நிறுத்தி, சூடாக்கி இருப்பின் அதனை முழுதும் திறந்து, வண்டியை ஓரமாக நிறுத்திச் சிறிது நேரம் இயந்திரத்தை மெதுவாக ஓடவிடலாம். வண்டியின் முகத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்துவதும் உதவும். ஆவி கிளம்பினாலோ, தண்ணீர் ஒழுகினாலோ, தாமதியாது இயந்திரத்தை நிறுத்துக.

மூடியை உடனே திறவாதீர். உள்ளே அடைபட்டிருப்பது 100 பாகையைத் தாண்டிய நீர். அழுத்தம் நீங்கியதும் ஒரே வீச்சில் ஆவியாய்ப் பாய்ந்து முகத்தையும் கையையும் அவித்துவிடும். அரை மணி நேரத்துக்குக் குறையாமற் பொறுத்து, மேற்குழாய் கைக்கு இளகிய பின்னர், தடித்த துணியால் மூடியை மெல்லத் திருகுக. பழுக்கச் சூடேறிய இரும்பின்மீது குளிர்ந்த நீரை ஊற்றினால் தலை வெடிக்கும். ஆறியபின் இயந்திரத்தைக் கிளப்பிச் சிறிது சிறிதாக வார்க்கவேண்டும். எவர்க்கேனும் வெந்துவிட்டால், வெந்த இடத்தைக் குளிர்ந்த சுத்தமான ஓடும் நீரில் 20 நிமிடம் பிடித்துவிட்டு வைத்தியரிடம் செல்க. பற்பசையோ மையோ பூசுதல் ஆகாது.

வாரந்தோறும் ஞாயிறு காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, தண்ணீர், எண்ணெய், பெல்ற், றப்பர்க் குழாய்கள், மூடி ஆகிய ஐந்தையும் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். வளர்ந்த பிள்ளைகளையும் அருகில் அழைத்து, பாடசாலையில் அவர்கள் படிக்கும் கொதிநிலையும் அழுத்தமும் கடினநீரும் இங்கே எவ்வாறு தொழிற்படுகின்றன என்று காட்டுங்கள். வண்டியில் எப்போதும் 10 லீற்றர் நல்ல நீரும் ஒரு மாற்று பெல்ற்றும் இருக்கட்டும். நள்ளிரவில் அயல்வீட்டார் ஓடிவந்து கதவைத் தட்டும்போது, தாம்போதியைக் கடந்து அக்கரை சேரும் என்ற நம்பிக்கையுடன் அந்தப் பழைய வண்டியைக் கிளப்புவதற்கு இவ்வளவு முயற்சி தகும்.