ஏட்டு மஞ்சளும் வீட்டு மஞ்சளும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நாம் இளமை தொட்டே கேட்டுவரும் பழமொழி. ஆயினும், வீட்டிலுள்ள மஞ்சளை மீட்டெடுப்பதற்கு ஏட்டிலுள்ள மஞ்சளே உதவிய வரலாறு ஒன்று உண்டு. கல்முனைச் சந்தையில் மஞ்சள் வாங்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

விழுந்து காயப்பட்டு வரும் பிள்ளைக்கு மஞ்சளை அரைத்துப் பூசுவது எமது கரையோரத்தில் எவ்வீட்டுக்கும் புதிதன்று. மருதமுனையில் உம்மம்மா செய்வதும், பாண்டிருப்பில் அம்மம்மா செய்வதும் அதுவே. இதனை எவரேனும் தமது கண்டுபிடிப்பு என்று கூறின் நாம் நகைப்போம். ஆனால் 1995ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், காயத்தை ஆற்றுவதற்கு மஞ்சள் தூளைப் பயன்படுத்தும் முறைக்கு, அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் இருவரின் பெயரில் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. அவ்விருவரும் இந்திய வம்சாவளியினர் என்பது வியப்பிலும் வியப்பு!

உறுதியும் எல்லையும்

ஆக்கவுரிமை என்பது யாது? தமிழகத்தார் காப்புரிமை என்றும், பேச்சு வழக்கில் பலர் ‘பேட்டன்ட்’ என்றும் கூறுவது இதனையே. புதியதொன்றைக் கண்டுபிடித்தவர் அதன் விபரத்தை உலகறிய வெளியிடுகின்றார். அதற்கு ஈடாக, பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, பிறர் அதனைத் தம் அனுமதியின்றிச் செய்யாது தடுக்கும் உரிமையை அரசிடமிருந்து பெறுகின்றார். இது நியாயமான ஏற்பாடே. உழைத்துக் கண்டவனுக்குப் பயன் வேண்டாமா?

ஆக்கவுரிமைப் பத்திரத்தைக் காணி உறுதிக்கு ஒப்பிடலாம். உறுதியிலே நான்கெல்லைகள் எழுதப்பட்டிருப்பது போல், பத்திரத்தின் இறுதியில் உரிமைக் கோரிக்கைகள் ஒவ்வொன்றாக இலக்கமிட்டு எழுதப்பட்டிருக்கும். அயலவனின் கிணற்றையும் உள்ளடக்கி எல்லை எழுதிய உறுதி எங்ஙனம் செல்லாதோ, அங்ஙனமே முன்னரே உலகறிந்த ஒன்றை உள்ளடக்கிய கோரிக்கையும் செல்லாது. ஆனால் அது செல்லாதென்று யாரேனும் வழக்காடி நிறுவ வேண்டும். அதுவரை அவ்வுறுதி உறுதியே.

மஞ்சள் வழக்கு

இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் அவ்வாறு வழக்காட முன்வந்தது. அப்பொழுது அதன் தலைவராக இருந்தவர் கலாநிதி ஆர். ஏ. மஷேல்கர். மஞ்சள் பத்திரத்திலிருந்த கோரிக்கைகள் ஆறு. தூளை உட்கொள்ளல், மேலே பூசுதல் ஆகியன அவற்றுள் அடங்கும். 1996ஆம் ஆண்டு ஒக்டோபரில், அதனை மறுபரிசீலனை செய்யுமாறு மன்றம் அமெரிக்க ஆக்கவுரிமை அலுவலகத்தைக் கேட்டது.

இங்கேதான் நாம் உற்று நோக்க வேண்டிய இடம் வருகின்றது. அக்காலத்து அமெரிக்கச் சட்டத்தின்படி, பிறநாடுகளில் மக்கள் ஒரு பொருளைப் பயன்படுத்தி வந்தமை சான்றாகாது. அது அச்சிலே வெளிவந்திருத்தல் வேண்டும். கோடிக்கணக்கான பாட்டிமார் அரைத்த மஞ்சள் அங்கே கணக்கில் வரவில்லை. ஆகவே மன்றத்தார் நூல்களைத் தேடினர். சமஸ்கிருதம், உருது, ஹிந்தி நூல்களிலுள்ளவை உட்பட 32 சான்றுகளைத் திரட்டினர். 1953ஆம் ஆண்டில் இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையும் அவற்றுள் ஒன்று. 1997ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஆறு கோரிக்கைகளும் நிராகரிக்கப்பட்டன. வீட்டு மஞ்சள் பேசமாட்டாதிருந்த மன்றிலே ஏட்டு மஞ்சள் பேசிற்று, வென்றது.

2011ஆம் ஆண்டில் நிறைவேறி 2013இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் பின்னர், பிறநாட்டுப் பயன்பாட்டையும் அமெரிக்கச் சட்டம் கருத்திற் கொள்கின்றது. எமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் எழுத்தை மட்டுமன்றி, வாய்மொழியையும் பயன்பாட்டையும் ஏற்கின்றது. அப்படியாயின் கவலை ஒழிந்ததோ? இல்லை. வாய்மொழியும் நிறுவப்படவேண்டும் அன்றோ?

வேம்பின் கதை இதனை விளக்கும். வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்களின் பூஞ்சண நோயைத் தடுக்கும் முறைக்கு, அமெரிக்க விவசாயத் திணைக்களமும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பிய ஆக்கவுரிமை பெற்றன. வந்தனா சிவா முதலானோர் 1995இல் அதனை எதிர்த்தனர். அம்முறையை முன்னரே கையாண்ட இந்தியர் ஒருவர் நேரிற் சென்று சாட்சியமளித்தார். 2000ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை இரத்தாயிற்று. மேன்முறையீடு 2005 மார்ச் 8ஆந் திகதி தள்ளப்பட்டது. வேம்பு வீட்டு முற்றத்துக்குத் திரும்பப் பத்தாண்டுகள் சென்றன!

ஒன்றல்ல, பல

இக்காலத்தில் நிறுவனங்கள் ஒரு மூலிகையைச் சுற்றி ஒரே ஆக்கவுரிமையுடன் நின்றுவிடுவதில்லை. சாறுக்கு ஒன்று, சாற்றிலிருந்து பிரித்த சேர்மத்துக்கு ஒன்று, பிரிக்கும் முறைக்கு ஒன்று என வேலிக்கு மேல் வேலி இடுகின்றன. எமது தீவின் கொத்தல ஹிம்புட்டு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அதன் மரத்திற் கடைந்த குவளையில் இரவு நீரூற்றி வைத்துக் காலையில் அருந்துவது நீரிழிவுக்குப் பழைய சிங்கள வைத்தியம். ஜப்பானிய நிறுவனங்கள் இத்தாவரத்தைச் சார்ந்து ஆக்கவுரிமைகள் பெற்றுள்ளன.

இவையனைத்தும் களவு என்று கூச்சலிடுதல் அறிவுடைமையாகாது. புதிதாக ஒரு சேர்மத்தைப் பிரித்தெடுத்தவரின் உழைப்பு வேறு. குவளை நீர் நோய்க்கு உதவும் என்ற பழைய அறிவு வேறு. எனவே வேலிகளை ஒவ்வொன்றாக ஆராய வேண்டும். கோரிக்கை யாது? விண்ணப்பித்த திகதி யாது? அத்திகதிக்கு முன் உலகு அறிந்திருந்தது யாது? இம்மூன்று வினாக்களே ஆராய்வோரின் கருவிகள். மூன்றாவது வினாவுக்கு விடையளிக்க வேண்டியவர்கள் நாம்.

இந்தியா 2001இல் பாரம்பரிய அறிவுக்கான எண்ணிம நூலகம் ஒன்றைத் தொடங்கிற்று. சமஸ்கிருதம், அரபு, பாரசீகம், உருது, தமிழ் ஆகிய மொழிகளின் மருத்துவ நூல்களிலுள்ள முறைகள் ஆங்கிலம், ஜப்பானியம் உள்ளிட்ட ஐந்து மொழிகளில் அங்கே பதியப்படுகின்றன. சித்தர் மருத்துவமும் யூனானியும் அங்கே அருகருகே நிற்கின்றன. தமிழ் பேசும் இந்துவும் முஸ்லிமும் அருகருகே வாழும் எமது ஊர்களுக்கு இது நெருக்கமான காட்சியன்றோ?

மாணவர்க்கு ஒரு சொல்

எமது வகுப்பு மாணவரிடம், வீட்டு வைத்தியம் ஒன்றைக் கூறுமாறு ஒருமுறை கேட்டோம். அனைவரும் கூறினர். அதனை எழுதி வைத்திருப்போர் யாரெனக் கேட்டபொழுது ஒரு கையும் உயரவில்லை.

பெட்டிக்குள் பூட்டிய குறிப்பேடு போதாது. பொதுமக்கள் காணுமாறு திகதியுடன் வெளிவந்ததே சான்றாகும். எமது பாடசாலை மலர்களும் ஊர் நூலகங்களும் இதற்குப் போதுமானவை. ஆயினும் பரம்பரை வைத்தியர் மறைவாகக் காத்து வரும் முறையை அவர் இசைவின்றி அச்சேற்றுதல் தகாது. வெளியிட்டபின் அது எல்லோர்க்கும் உரியதாகிவிடும் என்பதை முதலில் அவருக்கு எடுத்துரைக்க வேண்டும். மறைத்து வைத்தது அவரோடு மறைந்து போகவும் கூடும் என்பதையும் பணிவுடன் கூறலாம். முடிவு அவருடையது.

வீட்டு வழக்கங்களுக்கு இத்தடை இல்லை. இன்றிரவே உம்மம்மாவிடமோ அம்மம்மாவிடமோ சென்று அமருங்கள். எந்த இலை, எவ்வளவு, எந்நோய்க்கு, யாரிடம் கற்றார் எனக் கேட்டு எழுதுங்கள், திகதியிட மறவாதீர்கள். நாளை யாரோ ஒருவர் எமது முற்றத்தையும் சேர்த்து உறுதி எழுதும்போது, அந்த ஏட்டுச் சுரைக்காய் நிச்சயம் கறிக்கு உதவும்.