தட்டில் பதிந்த பாட்டும் எண்ணில் எழுதிய பாட்டும்

பெரம்பலூர், அரியலூர் மண்ணில் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் உயிர்களின் வடிவம் கல்லில் பதிந்து கிடக்கிறது. இசைத்தட்டும் அப்படித்தான். பாடியவரின் குரல் காற்றை அசைத்த அசைவே தட்டின் காடியில் நெளிவாகப் பதிந்திருக்கிறது.

மைக் செட்டுக்காரர் முள்ளை வைத்ததும் முதலில் கரகரவென்று ஒரு சத்தம், பிறகுதான் பாட்டு. நெளிவில் முள் அசைய, அசைவு மின்சாரமாகி, ஆம்ப்ளிஃபயரில் பெருகி, வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி வழியே ஊருக்குப் போகும். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான். தட்டு தேயத் தேய கரகரப்பு கூடும்.

1982இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக வைத்துக்கொள்கிறது. எண் தேயாது, ஆயிரமாவது நகலும் மூலம் போலவே இருக்கும். டிஜிட்டல் ஒலி படிக்கட்டுபோல் விட்டுவிட்டு வரும் என்பது சரியல்ல. காது கேட்கும் எல்லைக்குள் அலை முழுசாகவே திரும்புகிறது. இசைத்தட்டின் இதம் என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு முள்ளும் வால்வு ஆம்ப்ளிஃபயரும் சேர்க்கும் நிறம்.

குழாய் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. பென்டிரைவிலிருந்து வந்தாலும், கடைசியில் குழாயின் சவ்வு அதிர்ந்தால்தான் பாட்டு. தவிலின் தொப்பிப் பக்கத்துத் தாழ்ந்த ஒலி அதில் மெலிந்துவிடும். குரலோ வயல் தாண்டிக் கேட்கும்.

லென்ஸ் வழியே தட்டைப் பாருங்கள். காடி அகலமாக நெளியும் இடத்தில் ஒலி ஓங்கும். நேராக ஓடும் இடத்தில் மௌனம்.