கர்ப்பகால நீரிழிவும் குடும்பத்தாரின் கடமையும்



ஒரு வீட்டினை உங்கள் மனக்கண் முன் கொண்டு வாருங்கள். மருமகள் கருவுற்று ஆறு மாதங்கள் கடந்துவிட்டன. கிளினிக்குக்குச் சென்று திரும்பிய அவளது முகம் வாடியிருக்கின்றது. இரத்தத்தில் சீனியின் அளவு கூடியிருப்பதாகச் சொன்னார்கள் என்கிறாள். உடனே வீட்டில் ஆளுக்கொரு பேச்சு எழுகின்றது. "எங்கள் பக்கத்தில் யாருக்கும் சீனி வருத்தம் இல்லையே, உன் வாப்பாவின் பக்கமாகத்தான் வந்திருக்க வேண்டும்" என்கிறார் மாமி. "கண்டபடி இனிப்புச் சாப்பிட்டதன் பலன்" என்கிறார் மற்றொருவர். "நாங்களும்தான் பிள்ளை பெற்றோம். எந்த நாளில் இரத்தம் பார்த்தோம்?" என்கிறார் உம்மும்மா. கணவனோ எதுவும் பேசாது இருக்கின்றான். அந்தப் பெண் அறைக்குள் சென்று அழுகின்றாள்.

இத்தகைய காட்சி நமது வீடுகளுக்குப் புதிதன்று. இங்கே குற்றவாளி எவருமில்லை. இருப்பது ஓர் உடல் மாற்றம். அதனை முறையாகக் கவனித்தால் தாயும் சேயும் நலமாகப் பிரியலாம். ஆனால் குற்றம் சுமத்தும் வீட்டில் அந்தக் கவனிப்பு நடைபெறுவதில்லை. ஆகவே, இது எவ்வாறு ஏற்படுகின்றது, இதற்கு யார் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை நாம் தெளிவாக விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

இது ஏன் ஏற்படுகின்றது?

நாம் உண்ணும் சோறு, பாண், இடியப்பம், பழம் ஆகிய யாவும் வயிற்றில் சமிபாடடைந்து குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. சதையி சுரக்கும் இன்சுலின் என்னும் ஓமோன் அக்குளுக்கோசை இரத்தத்திலிருந்து உடற்கலங்களுக்குள் செலுத்துகின்றது. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் சில ஓமோன்கள் இன்சுலினின் வேலைக்குத் தடையாக நிற்கின்றன. வளரும் சிசுவுக்குப் போதிய உணவு கிடைக்க வேண்டும் என்பதற்காக அமைந்த ஏற்பாடே இது. இத்தடையை ஈடுசெய்வதற்கு அனேகமான தாய்மாரின் சதையி கூடுதலான இன்சுலினைச் சுரக்கின்றது. அவ்வாறு சுரக்க இயலாத தாயின் இரத்தத்தில் குளுக்கோசு தேங்குகின்றது. இதுவே கர்ப்பகால நீரிழிவு ஆகும்.

தாய் தந்தையருக்கு நீரிழிவு இருத்தல், கர்ப்பத்துக்கு முன்பே உடல் எடை கூடியிருத்தல், வயது ஏறிய நிலையில் கருவுறுதல், முந்திய குழந்தை மிகப் பெரிதாகப் பிறந்திருத்தல், முந்திய கர்ப்பத்தில் இதே நிலை ஏற்பட்டிருத்தல் ஆகியன இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. தெற்காசியப் பெண்களுக்கு இவ்வாய்ப்பு இயல்பாகவே அதிகம். இவற்றுள் எதுவுமே இல்லாத மெலிந்த பெண்ணுக்கும் இது வரலாம். எனவே, "இனிப்புச் சாப்பிட்டதால் வந்தது" என்று தாயைக் குறைகூறுவது அறிவுக்கும் பொருந்தாது, நீதிக்கும் பொருந்தாது.

அறிகுறி தெரியும்வரை காத்திருக்கலாகாது

பெரும்பாலான தாய்மாருக்கு இதனால் எந்த வேதனையும் தெரிவதில்லை. ஆகையினால் பரிசோதனை ஒன்றே வழியாகும். கர்ப்பத்தைப் பதிவு செய்யும் வேளையிலும், பின்னர் 24 முதல் 28 வாரங்களுக்கிடையிலும் இரத்தம் பார்க்கப்படுகின்றது. வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தபின் 75 கிராம் குளுக்கோசு கரைத்த நீரைப் பருகச் செய்து, ஒரு மணித்தியாலத்திலும் இரண்டு மணித்தியாலங்களிலும் மீண்டும் பார்ப்பார்கள். உலக சுகாதார தாபனம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகோலின்படி, வெறும் வயிற்றில் 92, ஒரு மணித்தியாலத்தில் 180, இரண்டு மணித்தியாலங்களில் 153 மில்லிகிராம் என்பவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டினாலும் அது கர்ப்பகால நீரிழிவாகக் கொள்ளப்படும். "தலை சுற்றும், வாந்தி வரும்" என்று கருதி இப்பரிசோதனையைத் தவிர்க்கும் சகோதரிகள் உள்ளனர். அந்தச் சில மணி நேரச் சங்கடத்தைப் பொறுத்துக்கொள்வது பின்னர் வரும் பெரும் இடரைத் தடுக்கும்.

அந்த இடர் யாது? தாயின் இரத்தத்திலுள்ள மேலதிகக் குளுக்கோசு நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவைச் சென்றடைகின்றது. சிசு தன் சொந்த இன்சுலினை அதிகமாகச் சுரந்து, அந்தக் குளுக்கோசைக் கொழுப்பாகச் சேமித்து, அளவுக்கு மீறிப் பருக்கின்றது. பிரசவத்தின்போது தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டாகின்றது. பிறந்தவுடன் தாயிடமிருந்து வந்த குளுக்கோசு நின்றுவிட, குழந்தையின் இன்சுலின் மட்டும் உயர்ந்தே இருப்பதனால், அதன் இரத்தச் சீனி திடீரெனக் குறைந்துவிடலாம். தாய்க்கு உயர் இரத்த அழுத்தமும் ஏற்படக்கூடும். இவற்றைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டில் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில் 1000 தாய்மார் பங்குபற்றினர். வழமையான பராமரிப்பை மட்டும் பெற்றவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு 4 பேருக்குக் கடுமையான சிக்கல்கள் ஏற்பட்டன. உணவு ஆலோசனை, இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் இன்சுலின் ஆகியவற்றைப் பெற்றவர்களின் குழந்தைகளில் அது நூற்றுக்கு 1 ஆகக் குறைந்தது.

உணவுத் தட்டில் செய்ய வேண்டிய மாற்றம்

"இருவருக்காகச் சாப்பிட வேண்டும்" என்பது நம் வீடுகளில் கேட்கும் பழைய பேச்சு. அதற்கு நேர்மாறாக, சீனி கூடியது என்று கேட்டதும் சோற்றையே கைவிட்டுப் பட்டினி கிடப்பவர்களும் உள்ளனர். இரண்டுமே தவறாகும். சிசு வளர உணவு வேண்டும். அது அளவோடும் நேரத்தோடும் வர வேண்டும்.

தட்டினை நான்கு பங்காக எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு பங்கு கீரையும் மரக்கறியும்: வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், பயற்றங்காய், புடோல், கத்தரிக்காய் போன்றவை. ஒரு பங்கு மீன், முட்டை, கோழி, பருப்பு முதலிய புரத உணவு. எஞ்சிய ஒரு பங்கே சோறு. தீட்டாத சிவப்பரிசிச் சோறு வெள்ளைச் சோற்றைவிட மெதுவாகச் சமிபாடடையும். எனினும் சிவப்பரிசி என்பதற்காக மலைபோல் குவித்துவிடலாகாது. சோற்றோடு கிழங்குக் கறியும் சேர்ந்தால் அதுவும் மாப்பொருளே என்பதைக் கணக்கிற் கொள்ளுங்கள்.

மூன்று பெரிய வேளை உணவை, மூன்று அளவான வேளைகளாகவும் இடையே இரண்டு மூன்று சிற்றுண்டிகளாகவும் பிரித்துக்கொள்ளலாம். அவித்த கடலை, கௌபி அல்லது பயறு ஒரு சிறு கோப்பை, சீனி சேர்க்காத தயிர், ஒரு கொய்யாப்பழம் என்பன நல்ல சிற்றுண்டிகள். பழத்தை முழுதாக உண்ணுங்கள். சாறு பிழிந்து பருகாதீர்கள். பல தாய்மாருக்குக் காலை வேளையில் சீனி எளிதாக ஏறும். ஆகையால் காலையில் பாணும் சீனித் தேநீரும் என்பதற்குப் பதிலாக, குறைந்தளவு இடியப்பத்துடன் முட்டையும் பருப்புக் கறியும் உண்பது சிறந்தது. திரிபோஷாவும் மாப்பொருள் சேர்ந்த உணவாதலால் அதனை எவ்வளவு உண்பது என்பதைக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் கேட்டறியுங்கள்.

தேன், கருப்பட்டி, கித்துள் பாணி ஆகியன "இயற்கையானவை, ஆகவே தீங்கில்லை" என எண்ணுவோர் பலர். இவையும் இரத்தச் சீனியை உயர்த்துகின்றன. வட்டிலப்பம், தொதல், பலூடா என்பவற்றைக் குறித்தும் இதே எச்சரிக்கை பொருந்தும். கருஞ்சீரகம், பாகற்காய்ச் சாறு, தெபு இலை, கொத்தல ஹிம்புட்டுத் தேநீர் போன்றவற்றை மருந்துக்குப் பதிலாகக் கொள்ளாதீர்கள். மருந்தாகச் செறிவூட்டி உட்கொள்ளும் மூலிகைகளைக் கர்ப்ப காலத்தில் வைத்தியரைக் கேளாமல் பாவிக்கக் கூடாது.

உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடங்கள் மெதுவாக நடப்பதும் நல்ல மருந்தாகும். நடக்கும் தசைகள் குளுக்கோசைப் பயன்படுத்திக்கொள்ளும். வெளியே செல்ல வசதியில்லையெனில் வீட்டு வளவுக்குள்ளேயே நடக்கலாம். குருதிப்போக்கு முதலிய காரணங்களால் ஓய்வெடுக்கச் சொல்லப்பட்டவர்கள் மாத்திரம் முதலில் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எண்களை மறைக்காதீர்கள்

விரல் நுனியில் ஒரு துளி இரத்தமெடுத்து வீட்டிலேயே பார்க்கும் சிறு கருவி இன்று பல வீடுகளில் உண்டு. பொதுவாக வெறும் வயிற்றில் 95க்குக் குறைவாகவும், உண்ணத் தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் 140க்குக் குறைவாகவும், இரண்டு மணித்தியாலங்களில் 120க்குக் குறைவாகவும் இருப்பது இலக்காகும். உங்கள் வைத்தியர் வேறு இலக்குக் கூறினால் அதனையே பின்பற்றுங்கள்.

இங்கே மனந்திறந்து ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. கிளினிக் நாளுக்கு முன்தினம் மட்டும் பட்டினி கிடந்து நல்ல எண்ணைக் காட்டும் சகோதரிகள் இருக்கின்றனர். கூடிய எண்ணைக் குறைத்து எழுதுவோரும் உள்ளனர். அவர்கள் பொய்யை விரும்புபவர்கள் அல்லர். வீட்டில் கேட்க நேரும் ஏச்சுக்கு அஞ்சியே அவ்வாறு செய்கின்றனர். ஆனால் வைத்தியர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் மருந்தைத் தீர்மானிக்கின்றார். பொய்யான எண் வைத்தியரை ஏமாற்றுகின்றது, சிசுவை ஏமாற்றுவதில்லை. உண்மையில் எவ்வளவு சீனி இரத்தத்தில் உண்டோ அவ்வளவும் அதனைச் சென்றடைந்தே தீரும். எனவே, வீட்டுப் பெரியோர்களே! எண் கூடும்போது "என்ன சாப்பிட்டாய்?" என்று அதட்டாதீர்கள். "நாளைக்கு எதனை மாற்றிச் சமைப்போம்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி தாயின் அச்சத்தைப் போக்கி உண்மையை எழுத வைக்கும்.

இன்சுலின் ஊசி தோல்வியின் அடையாளமா?

உணவாலும் நடையாலும் ஓரிரு வாரங்களில் இலக்கை எட்ட முடியாவிடின் வைத்தியர் மெட்போமின் மாத்திரையையோ இன்சுலினையோ தருவார். "ஊசி தொடங்கினால் வாழ்நாள் முழுதும் போட வேண்டும்", "குழந்தையைப் பாதிக்கும்" என்ற அச்சத்தால் சிலர் மறுக்கின்றனர். சிகிச்சைக்கான இன்சுலின் குறிப்பிடத்தக்க அளவில் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவைச் சென்றடைவதில்லை. அனேகமானவர்களுக்குப் பிரசவத்தோடு ஊசி நிறுத்தப்பட்டுவிடும். மாதங்கள் செல்லச் செல்ல நஞ்சுக்கொடியின் ஓமோன்கள் கூடுவதால் மருந்தின் அளவும் கூட வேண்டியிருக்கும். இது தாயின் தவறன்று.

இன்சுலின் பாவிப்பவர் நேரத்துக்கு உண்ணாவிடின் சீனி மிகக் குறைந்து நடுக்கம், வியர்வை, படபடப்பு, மயக்கம் தோன்றலாம். கருவி 70க்குக் குறைவாகக் காட்டினால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்களின் பின் மீண்டும் பாருங்கள். நினைவிழந்தவருக்கு வாயால் எதுவும் கொடுக்காது வைத்தியசாலைக்கு விரையுங்கள். சிசுவின் அசைவு வழமையைவிடக் குறைந்ததாக உணர்ந்தாலும் விடியும்வரை காத்திராமல் உடனே செல்ல வேண்டும்.

நோன்பு நாட்களில்

ரமழானில் எல்லோரும் நோன்பு நோற்க, தான் மட்டும் விடுவதா என்று கர்ப்பிணித் தாய் மனம் குமைவதுண்டு. தனக்கோ தன் சிசுவுக்கோ தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணிக்கு நோன்பைப் பிற்படுத்த மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. கர்ப்பகால நீரிழிவுள்ள தாய் நோன்பு நோற்பதைத் தவிர்க்குமாறே வைத்தியர்கள் பொதுவாக ஆலோசனை கூறுகின்றனர். நீண்ட நேரப் பட்டினியால் சீனி தாழ்வதும், இஃப்தாரின்போது கஞ்சி, பேரீச்சம்பழம், சர்பத், சமோசா எனச் சேர்ந்து உண்பதால் திடீரென ஏறுவதும் இருவருக்கும் நல்லதன்று. கழாச் செய்வது, ஃபித்யா பற்றிய விளக்கங்களை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டறியலாம். சலுகையை ஏற்பவளை ஏளனமாகப் பார்க்கும் பார்வைதான் திருத்தப்பட வேண்டும்.

பிரசவத்தின் பின்னர்

நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலானோரின் இரத்தச் சீனி இயல்புக்குத் திரும்பிவிடும். குழந்தைக்கு முதல் மணித்தியாலத்திலேயே தாய்ப்பால் கொடுக்கத் தொடங்குவது அதன் சீனி குறையாதிருக்க உதவும். ஆனால் இத்துடன் கதை முடிந்துவிட்டது என எண்ணலாகாது. இத்தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு நிரந்தரமாக ஏற்படும் வாய்ப்பு ஏனையோரைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே, பிரசவத்தின் பின் 6 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் குளுக்கோசுப் பரிசோதனை செய்ய வேண்டும். அதன் பிறகும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கொரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த குழந்தையைப் பற்றி எண்ணும் முன்பும் பார்ப்பது அவசியம். குழந்தையின் தடுப்பூசித் தினத்தை மறவாத நாம், தாயின் இந்தப் பரிசோதனையை மறந்துவிடுகின்றோம்.

இளம் கணவர்களே! உங்களுக்கு இறுதியாக ஒரு சொல். மனைவிக்கு ஒரு சமையலும் உங்களுக்கு வேறொரு சமையலும் வேண்டாம். அவள் உண்ணும் அளவான சோற்றையும் கீரையையும் நீங்களும் உண்ணுங்கள். இரவுணவுக்குப் பின் அவளோடு நடந்து வாருங்கள். கிளினிக் நாளில் வேலையிலிருந்து அரைநாள் விடுமுறை பெற்று உடன் செல்லுங்கள். பிறக்கவிருக்கும் பிள்ளை உங்களிருவரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும். அதனைச் சுமக்கும் பாரம் அவளுடையதாயின், அவளைத் தாங்கும் பொறுப்பு உங்களுடையது. அப்பொறுப்பை நிறைவேற்றும் இல்லங்களாக நம் இல்லங்களை வல்ல நாயன் ஆக்கி அருள்வானாக!