தலைக்குள்ளே... – 9: ஸ்கேனில் தெரியாத அடி

2019 ஆகஸ்ட் 17. லார்ட்ஸ் மைதானத்தில் ஆஷஸ் தொடரின் இரண்டாவது டெஸ்ட். ஜோஃப்ரா ஆர்ச்சர் மணிக்கு 148 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய பவுன்சர், ஸ்டீவ் ஸ்மித்தின் இடது காதுக்குக் கீழே கழுத்தில் பட்டது. ஆடுகளத்திலேயே சாய்ந்தார். அப்போது அவர் 80 ரன் எடுத்திருந்தார். உள்ளே அழைத்துப்போய்ச் சோதித்தார்கள், சோதனையில் தேறினார். ஒரு மணி நேரத்துக்குள் மட்டையோடு திரும்பி வந்து 92 வரை அடித்தார். மறுநாள் காலை கண் விழித்தால் தலைவலி, மந்தம். மீண்டும் சோதித்தபோது, முந்தைய நாள் இருந்த நிலை இல்லை. அவருடைய இடத்தில் மார்னஸ் லபுஷேன் களமிறங்கினார். டெஸ்ட் வரலாற்றில் முதல் ‘கன்கஷன்’ (மூளை அதிர்ச்சி) மாற்று வீரர் அவர்தான். அந்த விதி நடைமுறைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அடுத்த டெஸ்டில் ஸ்மித் ஆடவில்லை. அதற்கடுத்த டெஸ்டில் வந்து 211 எடுத்தார்.

கன்கஷனின் குணம் முழுவதும் இந்த ஒரு சம்பவத்திலேயே இருக்கிறது. தலையில் நேரடியாக அடிபட வேண்டியதில்லை. கழுத்தில், தாடையில், முதுகில் விழுந்த அடி தலையைச் சட்டென உலுக்கினாலும் போதும். மயக்கம் வர வேண்டியதில்லை. கன்கஷன் ஆனவர்களில் பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதே இல்லை. அறிகுறிகளும் உடனே தெரிய வேண்டியதில்லை. சில மணி நேரம் கழித்து வரலாம், மறுநாளும் வரலாம்.

அப்படி உள்ளே என்னதான் நடக்கிறது? மூளை மிக மென்மையான உறுப்பு. தலை திடீரென்று திரும்பும்போது அதுவும் உள்ளே முறுக்கிக்கொள்கிறது. நரம்பு செல்களின் நீண்ட இழைகள் இழுபடுகின்றன. செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது. வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. இதைச் சரிசெய்ய ஒவ்வொரு செல்லும் குளுக்கோஸை வேகமாக எரிக்கிறது. ஆனால், அதே சமயத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. தேவை கூடுகிறது, வரத்து குறைகிறது. இந்த ஆற்றல் பற்றாக்குறைதான் தலைவலியாகவும், தலைச்சுற்றலாகவும், வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாமையாகவும், படித்தது மனதில் நிற்காததாகவும் வெளியே தெரிகிறது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கீஸாவும் டேவிட் ஹவ்டாவும் 2001-ல் இதை விளக்கி எழுதிய கட்டுரை, இந்தத் துறையில் இருப்போர் இன்றும் எடுத்துப் பார்க்கும் ஒன்று.

இது செல்களின் செயல்பாட்டில் வரும் கோளாறு. அதனால்தான் சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரிவதில்லை. ஸ்கேன் எடுப்பது ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இருக்கிறதா என்று பார்க்க. ‘ஸ்கேன் நார்மல்’ என்றால் உயிருக்கு ஆபத்தான கசிவு இல்லை என்று பொருள். மூளைக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று பொருள் அல்ல. பைக்கில் இருந்து விழுந்து, ஸ்கேன் எடுத்து, வீடு திரும்பியவர் இரண்டு வாரமாகத் தலைவலி என்றால் ‘எல்லாம் மனப்பிரமை’ என்று வீட்டில் சொல்கிறோமே, அது பெரிய அநியாயம். ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும், உயிரைக் காக்கும். கட்டாயம் போட வேண்டும். ஆனால், உள்ளே மூளை முறுக்கிக்கொள்வதை அதனால் முழுவதும் தடுக்க முடியாது.

அடுத்தது ஓய்வு. கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் மருத்துவம் அதிகம் மாறியிருப்பது இதில்தான். முன்பெல்லாம் இருட்டறையில் படுக்க வைத்தார்கள். புத்தகம் கூடாது, டிவி கூடாது, நண்பர்கள் கூடாது. அறிகுறிகள் முற்றிலும் போகும்வரை இதே கதி. 2015-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இளம் வயதினரிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து நாள் கடும் ஓய்வில் வைக்கப்பட்டவர்கள், ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் மெல்ல இயல்புக்குத் திரும்பச் சொல்லப்பட்டவர்களைவிட அதிகத் தொல்லைகளைச் சொன்னார்கள். பிறகு பஃபலோ நகரில் ஜான் லெடி குழு இன்னும் ஒரு படி மேலே போனது. கன்கஷன் ஆன சில நாட்களிலேயே, அறிகுறி கூடாத அளவுக்கு வளரிளம் விளையாட்டு வீரர்களை உடற்பயிற்சி செய்யவைத்தது. அவர்கள் 13 நாட்களில் தேறினார்கள். வெறுமனே கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாட்கள் ஆயின. இந்த ஆய்வு வெளிவந்தது 2019-ல்.

விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடி எடுத்த முடிவும் இதே திசையில்தான். முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு. வீட்டு வேலைகள் செய்யலாம், மெல்ல நடக்கலாம். செல்போனைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பிறகு படிப்படியாக நடை, சைக்கிள் என்று கூட்டலாம். லேசாகத் தலைவலி கூடினால் பயப்பட வேண்டாம். சற்று நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். பிள்ளைகள் முதலில் பாடத்துக்குத் திரும்ப வேண்டும், மைதானத்துக்கு அப்புறம். மோதல் உள்ள ஆட்டங்களுக்கு மருத்துவர் அனுமதி தந்த பிறகுதான்.

நடப்பது நல்லது என்பதால் ஆட்டத்தைத் தொடரலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அடிபட்ட அன்று ஆட்டம் முடிந்தது. அதில் பேரமே இல்லை. 2016-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், அடிபட்டதும் வெளியேறிய மாணவர்களுக்குச் சராசரியாக 22 நாட்களில் சரியானது. தாங்கிக்கொண்டு ஆடியவர்களுக்கு 44 நாட்கள் ஆயின. ‘வலியைத் தாங்கி ஆடினான்’ என்று பயிற்சியாளர்கள் பெருமைப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எண்கள்தான் மனதில் ஓடும்.

பெரும்பாலான பெரியவர்கள் இரண்டு வாரத்திலும், பிள்ளைகள் நான்கு வாரத்திலும் தேறிவிடுகிறார்கள். அதற்கு மேலும் தலைச்சுற்றலும் கழுத்துவலியும் நீடித்தால், கிடந்து காத்திருப்பதில் பயனில்லை. கழுத்துக்கும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கும் பிசியோதெரபி தரலாம். அதில் நல்ல பலன் கிடைப்பது நிரூபணமாகியிருக்கிறது.

‘தலையில் அடிபட்டால் தூங்கவிடக் கூடாது’ என்று நம் வீடுகளில் சொல்வது உண்டு. மருத்துவர் பார்த்து அபாய அறிகுறி இல்லை என்று சொல்லிவிட்டால், தாராளமாகத் தூங்கலாம். தூக்கம் மூளைக்குத் தேவை. முதல் நாள் மட்டும் யாராவது உடன் இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கை கால் பலவீனம், பொருள் இரண்டாகத் தெரிவது, பேச்சு குழறுவது, எழுப்பினாலும் எழாத மயக்கம் – இவற்றில் ஒன்று தென்பட்டாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர் குளியலறையில் வழுக்கித் தலையில் அடிபட்டுக்கொண்டால், அறிகுறி வரும்வரைகூடப் பொறுக்க வேண்டாம். அன்றே அழைத்துப் போங்கள்.

(தொடரும்)